எலும்பில் குடியேறிய ரேடியம்

1896 மார்ச் 1. பாரிஸில் ஆன்றி பெக்கெரல் தன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே கறுப்புத் தாளில் சுற்றிய புகைப்படத் தகடு, அதன்மேல் யுரேனிய உப்பு, இரண்டுக்கும் நடுவே செம்பில் செய்த ஒரு சிலுவை. வெயில் பட்டால்தான் அந்த உப்பு கதிர் விடும் என்று நம்பியிருந்தவர் அவர். சில நாட்களாக மேகமூட்டம், அதனால் எடுத்து உள்ளே வைத்திருந்தார். மங்கலாக ஏதாவது தெரியலாம் என்று தகட்டைக் கழுவிப் பார்த்தால், சிலுவையின் உருவம் பளிச்சென்று விழுந்திருந்தது. வெயிலே படாமல், தானாகக் கதிர் வீசும் பொருள்!

அந்தக் குணத்துக்குக் கதிரியக்கம் என்று பெயர் வைத்தவர் மேரி கியூரி. கணவர் பியரோடு சேர்ந்து 1898-இல் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அவர் கண்டறிந்ததும், ஒழுகும் கொட்டகையில் டன் கணக்கில் தாதுக் கழிவைக் காய்ச்சி, 1902-இல் பத்தில் ஒரு கிராம் ரேடியம் குளோரைடு எடுத்ததும் பள்ளிக்கூடத்திலேயே படித்த கதை. பாடப் புத்தகம் சொல்லாத சில பெண்களைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கதிரியக்கத்தின் வரலாற்றில் கியூரிக்கு அடுத்த இருக்கை இவர்களுக்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலம், ஆரஞ்சு நகரம். முதல் உலகப்போர் நேரம். இருட்டிலும் மணி தெரியும் கைக்கடிகாரங்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டன. துத்தநாக சல்ஃபைடில் துளியூண்டு ரேடியம் கலந்தால் போதும், விளக்கில்லாமலே ஒளிரும். அந்தப் பெயின்டைக் கடிகார முகப்பில் தீட்ட ஒரு நிறுவனம் இளம்பெண்களைச் சேர்த்தது. கூலியும் தாராளம்.

பொடியைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு, தண்ணீரும் கோந்தும் விட்டுக் குழைப்பார்கள். மெல்லிய முடித் தூரிகை. நாலு எண் எழுதுவதற்குள் நுனி பிரிந்துவிடும். உதட்டில் வைத்துக் கூராக்கு, பெயின்டில் தோய், எழுது. வேலை பழக்கியதே அப்படித்தான். ஒரு நாளில் 200 முகப்புகளுக்கு மேல் எழுதியவர்கள் உண்டு. உதட்டுக்குப் போன ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. கெடுதல் ஒன்றும் இல்லையே என்று கேட்டவர்களுக்கு, இல்லவே இல்லை என்று பதில். அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்து ஆட்களோ ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால்தான் ரேடியத்தைத் தொட்டார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

மாலையில் வீடு திரும்பும் பெண்களின் தலைமுடியும் உடையும் இருட்டில் மின்னும். அவர்களில் ஒருவரான கிரேஸ் ஃப்ரையர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை ஒளிரும். ஊரே அதை அதிசயமாகப் பார்த்தது. ரேடியத்தை மருந்து என்று நம்பிய காலம் அது.

வேதிக் குணத்தில் ரேடியம் கால்சியத்துக்கு நெருங்கியது. அதனால் உடம்பு அதைக் கால்சியம் என்றே எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிடும். அதன் அரைவாழ்வு சுமார் 1,600 ஆண்டுகள். ஒரு மனித ஆயுளுக்குள் தணியாது.

1921 மே மாதம். அமெரிக்கப் பெண்கள் நிதி திரட்டி, 1,00,000 டாலர் விலையுள்ள ஒரு கிராம் ரேடியத்தை மேரி கியூரிக்குப் பரிசளித்தார்கள். வெள்ளை மாளிகையில் அதிபர் ஹார்டிங் கையால் வழங்கும் விழா. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் ஆரஞ்சு நகரத்தில் முகப்பு தீட்டிய மோலி மாகியாவுக்குப் பல்வலி ஆரம்பித்தது. பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. அடுத்த பல், அதற்கடுத்த பல். கடைசியில் பல் மருத்துவர் வாய்க்குள் கைவிட்டபோது தாடை எலும்பே கையோடு வந்துவிட்டது. 1922 செப்டம்பரில் மோலி இறந்துபோனார். காரணம் பால்வினை நோய் என்று சான்றிதழில் எழுதினார்கள். செத்த பிறகும் அவப்பெயர்.

தோழிகளும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். நிறுவனமே அமர்த்திய ஹார்வர்டு நிபுணர்கள் ரேடியத்தைத்தான் காரணம் காட்டினார்கள். அந்த அறிக்கையை நிறுவனம் அமுக்கிவிட்டது. கிரேஸுக்கு வழக்கறிஞர் கிடைக்கவே இரண்டு வருடம் ஆயிற்று. 1927-இல் ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த அக்டோபரில் மோலியின் சவப்பெட்டியைத் தோண்டி எடுத்து, எலும்புகளை இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமின்மேல் வைத்தார்கள். ஃபிலிமில் உருவம் பதிந்தது. பெக்கெரலின் யுரேனிய உப்பு செய்த அதே வேலையை, 31 வருடம் கழித்து ஒரு பெண்ணின் எலும்பு செய்தது. பால்வினை நோய்க்கு அடையாளமே இல்லை.

1928 ஜனவரியில் நீதிமன்றத்துக்கு வந்தவர்களுக்கு, சத்தியப் பிரமாணத்துக்குக் கையை உயர்த்தக்கூடத் தெம்பில்லை. வழக்கை இழுத்தடித்தால் அதற்குள் செத்துவிடுவார்கள் என்று பத்திரிகைகள் கொதித்தன. ஜூனில் சமரசம்: ஆளுக்கு 10,000 டாலர், ஆண்டுக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. தவறை மட்டும் நிறுவனம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பத்து வருடம் கழித்து இல்லினாய் மாநிலத்தில் இன்னொரு தொழிற்சாலைமீது வழக்கு; அங்கும் அதே உதடு, அதே தூரிகை. அங்கே வேலை செய்த கேத்தரின் டோனஹியூ தன் வீட்டில் படுத்தபடியே சாட்சியம் சொல்லி வென்றார். அதே ஆண்டு, 1938-இல், இறந்தார்.

உடம்புக்குள் எவ்வளவு ரேடியம் இருந்தால் ஆபத்து என்று உலகம் தெரிந்துகொண்டது இந்தப் பெண்களை அளந்துதான். அந்தக் கணக்கை வைத்து 1941-இல் வரம்பு குறித்தார்கள்: 0.1 மைக்ரோகிராம். அணுகுண்டுத் திட்டத்தில் புளூட்டோனியத்தைக் கையாண்டவர்களுக்குப் பாதுகாப்பு விதிகள் எழுதியபோது முன்னால் இருந்ததும் இதே கணக்குத்தான். உயிரோடு எஞ்சிய பெண்களில் பலர், பிற்காலத்தில் சிகாகோ அருகே ஆர்கான் ஆய்வகத்துக்குப் போய்த் தங்கள் உடம்பை மறுபடி மறுபடி அளக்கக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு 1993 வரை நடந்தது.

(தொடரும்)