காலத்துக்குக் கொடுத்த விலை: தேசிய ஹாக்கி லீக்கில் கோல்கீப்பர் மதிப்பீடும் ஒப்பந்தமும்

2011 ஜூன் 23 அன்று ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸ் அணி, தன் தலைவர் மைக் ரிச்சர்ட்ஸை லாஸ் ஏஞ்சலிஸுக்கும் அதிக கோல் அடித்துத் தந்துகொண்டிருந்த ஜெஃப் கார்ட்டரைக் கொலம்பஸுக்கும் அனுப்பியது. அப்படி ஒழிந்த சம்பள இடத்தில், அதே நாளில், 31 வயதான இல்யா பிரிஸ்கலோவை 9 ஆண்டுக்கு 5.1 கோடி டாலர் பேசி வலைக்கு முன்னால் நிறுத்தியது. அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டு பிளே-ஆஃபில் மூன்று கோல்கீப்பர்களை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தும் கரை சேராத அணி அது. அந்த மூவரில் ஒருவர் செர்கேய் பாப்ரோவ்ஸ்கி. பிரிஸ்கலோவ் வந்ததும் அவர் பெஞ்சுக்குப் போனார். 2012 ஜூனில் சில டிராஃப்ட் தேர்வுகளுக்கு ஈடாகக் கொலம்பஸுக்குக் கைமாறினார். அங்கே முதல் பருவத்திலேயே லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான வெஸினா விருதை வாங்கினார். அதே 2013 ஜூனில் ஃப்ளையர்ஸ் பிரிஸ்கலோவின் ஒப்பந்தத்தைப் பணம் கொடுத்து முறித்துக்கொண்டது: 2.3 கோடி டாலர், 14 ஆண்டுத் தவணை. விட்டுக்கொடுத்த ரிச்சர்ட்ஸும் கார்ட்டரும் இதற்குள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒன்றுசேர்ந்து 2012இல் லீக்கின் பட்டமான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியிருந்தார்கள். 2014இல் மறுபடியும் தூக்கினார்கள்.

இதை ஒரு நிர்வாகத்தின் மதியீனம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்குக் கையிலிருந்த தகவலை வைத்து, பிரிஸ்கலோவ், பாப்ரோவ்ஸ்கி இருவரில் யார் அடுத்த பத்தாண்டின் கோல்கீப்பர் என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. பிழை ஆளைத் தேர்ந்ததில் இருந்ததைவிட 9 என்ற எண்ணில் அதிகம் இருந்தது. கோல்கீப்பர் சந்தையில் அணிகள் திறமைக்குக் கொடுக்கும் பணத்தை ஓரளவு நியாயப்படுத்த முடியும். ஆண்டுகளாகக் கொடுப்பதைத்தான் முடியாது. இக்கட்டுரையின் வாதம் இதுவே. இதற்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

நம்மூரில் ஹாக்கி என்றால் புல்தரையும் பெனால்ட்டி கார்னரும்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது பனித்தரை ஆட்டம். பந்துக்குப் பதில் ரப்பர் வட்டு. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 32 அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீக்கில் வழக்கமாக ஜூலை 1 அன்று வீரர் சந்தை திறக்கிறது. ஏழு பருவம் ஆடி முடித்தவர் அல்லது 27 வயதைத் தொட்டவர், ஒப்பந்தம் முடிந்திருந்தால், எந்த அணியோடும் பேசலாம். 2004-05 பருவம் முழுவதையும் விழுங்கிய கதவடைப்புக்குப் பிறகு, ஓர் அணி மொத்தமாக இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டில் அது 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி. ஆகவே ஒரு கோல்கீப்பருக்குத் தரும் ஒவ்வொரு டாலரும் ஒரு தடுப்பாட்டக்காரரிடமிருந்தோ முன்கள வீரரிடமிருந்தோ பிடுங்கியது.

கோல்கீப்பர்கள் தாமதமாகப் பழுப்பவர்கள். பலர் 25 வயதுக்குப் பிறகே நிலைபெறுகிறார்கள். சந்தைக்கு வரும்போது கையில் மூன்று நான்கு பருவச் சான்றுதான் இருக்கும், வயதோ முப்பதை ஒட்டியிருக்கும். பதினெட்டு வயதில் இவர்களை இனம்காண முடியாது என்பதற்கு, அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் வரலாறே சாட்சி. டொமினிக் ஹாசெக் 199ஆவது தேர்வு, ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 205ஆவது, பெக்கா ரின்னே 258ஆவது. பாப்ரோவ்ஸ்கியை எந்த அணியும் தேர்வே செய்யவில்லை. மாறாக 2000இல் முதல் தேர்வாக எடுக்கப்பட்டவர் ரிக் டிபியெட்ரோ. அவர் கதை என்னவாயிற்று என்பது கடைசியில் வரும்.

இனி கணக்கு. கோல்கீப்பரை அளக்கும் பழைய கருவி தடுப்பு விகிதம்: வந்த ஷாட்டுகளில் எத்தனை பங்கை நிறுத்தினார் என்பது. 2014-15இல் லீக்கின் சராசரி 0.915, பத்தாண்டு கழித்து அது 0.900 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆகவே வெவ்வேறு பருவங்களின் எண்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதே முதல் தவறு. ஆனால் பெரிய சிக்கல் வேறு. ஒரு முதன்மைக் கோல்கீப்பர் பருவத்துக்கு 1,500 ஷாட் சந்திக்கிறார் என்று வைப்போம். ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி நிகழ்வு, அவருடைய உண்மைத் திறன் 0.905 என்றும் வைப்போம். அப்போது தற்செயல் ஒன்றினால் மட்டுமே விளையும் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0.0076. திறனில் துளியும் மாற்றமில்லாத ஒருவர் ஓர் ஆண்டு 0.890 என்றும் மறு ஆண்டு 0.920 என்றும் காட்டினால் வியப்பதற்கில்லை. முதல் எண்ணுக்கு வேலை போகும். இரண்டாவதற்கு விருது வரும்.

இதையே திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம். சராசரியைவிட 0.005 மேலானவர் ஒருவர் இருக்கிறார். அந்த மேன்மை 1,500 ஷாட்டில் ஏழெட்டு கோலைத் தடுக்கும். ஏறத்தாழ ஆறு கோலுக்கு ஒரு வெற்றி என்பது ஆய்வாளர்கள் கையாளும் வாய்பாடு, ஆக ஒரு வெற்றிக்குச் சற்று அதிகம். அவர் மேலானவர்தான் என்று இரண்டு திட்டவிலக்க அளவு உறுதியோடு சொல்ல எத்தனை ஷாட் வேண்டும்? கிட்டத்தட்ட 13,750. அதாவது ஒன்பது பருவம். சான்று சேர்ந்து முடிவதற்குள் முழங்காலும் இடுப்பும் தேய்ந்து ஆளே வேறாகிவிடுவார். இந்த ஒன்பதும் பிரிஸ்கலோவின் ஒன்பதும் ஒத்துப்போவது தற்செயல்தான். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வருகிறது.

புதிய கருவிகள் இதைச் சரிசெய்துவிட்டன என்பார்கள். ஷாட் எங்கிருந்து வந்தது, எந்த வகை, திரும்பி வந்த வட்டா என்றெல்லாம் பார்த்து, அது கோலாகும் வாய்ப்பைக் கணித்து, எதிர்பார்த்ததைவிட எத்தனை கோல் குறைவாக விட்டார் என்று எண்ணும் முறை தடுப்பு விகிதத்தைவிட மேலானது, ஐயமில்லை. ஆனால் பொதுவில் கிடைக்கும் ஆட்டக் குறிப்புகளில் ஷாட்டுக்கு முந்தைய பாஸ் பதிவாவதில்லை. முன்னாள் கோல்கீப்பர் ஸ்டீவ் வாலிகெட், தாக்குதல் பகுதியை நெடுக்காகப் பிளக்கும் கற்பனைக் கோட்டுக்கு ‘ராயல் ரோடு’ என்று பெயரிட்டார். வட்டு அந்தக் கோட்டைக் குறுக்கே கடந்து மறுபுறம் போய்ச் சேர்ந்தால், கோல்கீப்பர் உடலை முழுக்க நகர்த்தி மறுபடி நிலைகொள்ள வேண்டும். ஒரே இடத்திலிருந்து வரும் இரு ஷாட்டுகளுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாட்டை உண்டாக்குவது அந்தப் பாஸ். அதை அனுமதிப்பதும் அடைப்பதும் அணியின் தற்காப்பு. எனவே கோல்கீப்பரின் கணக்கில் வரவு வைப்பதில் ஒரு பகுதி சக வீரர்களுடையது.

டார்சி குவெம்பர் இதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. 2022இல் கொலராடோவுடன் கோப்பை வென்ற கையோடு வாஷிங்டனுக்கு 5 ஆண்டு, ஆண்டுக்கு 52.5 லட்சம் டாலருக்குப் போனார். 2023-24இல் 0.890 என்று சரிந்து, தன்னைவிட மிகக் குறைந்த சம்பளக்காரரான சார்லி லிண்ட்கிரனிடம் இடத்தைப் பறிகொடுத்தார். அந்தக் கோடையில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றினார்கள். இறுக்கமான தற்காப்புக்குப் பின்னால் நின்ற அடுத்த பருவத்திலேயே வெஸினா இறுதிப் பட்டியலில் வந்துவிட்டார். அதே ஆள், அதே ஒப்பந்தம். வெஸினாவுக்கு வாக்களிப்பவர்கள் அணிகளின் பொது மேலாளர்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஜூலையில் வாங்க வருபவர்களும் அவர்களே. தாங்கள் ஒட்டிய விலைச்சீட்டைத் தாங்களே படித்துப் பணம் எடுக்கிறார்கள்.

சந்தையில் உண்மையில் விலைபோவது நடுத்தரம்: ஆண்டுக்கு 50 முதல் 60 லட்சம் டாலர், ஐந்தாறு ஆண்டு. 2021 வெஸினா இறுதிப் பட்டியலில் இருந்த ஃபிலிப் குரூபவர் அந்த ஜூலையில் சியாட்டிலுக்கு 6 ஆண்டு, 59 லட்சம். முதல் பருவம் 0.889. ட்ரிஸ்டன் ஜாரி 2023இல் பிட்ஸ்பர்க்கில் 5 ஆண்டு, 53.75 லட்சம், 2025 ஜனவரியில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெய்வர் பட்டியலில் விடப்பட்டார். ஜாக் கேம்ப்பெல் 2022இல் எட்மன்டனுக்கு 5 ஆண்டு, 50 லட்சம். அதற்கு முன் அவர் லீக்கில் ஆடியிருந்தவை மொத்தமே 135 ஆட்டங்கள். முதல் பருவம் 0.888, இரண்டாம் பருவத்தின் நவம்பரில் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பப்பட்டார், 2024 கோடையில் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. விதிப்படி, 26 வயதைத் தாண்டியவரின் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதி ஆண்டுகளைப் போல இருமடங்கு காலத்தில் கொடுக்க வேண்டும். எட்மன்டனின் கணக்கில் அவர் பெயர் 2029-30 வரை இருக்கும்.

முன்கள வீரர் ஒருவர் சறுக்கினால் மூன்றாம் வரிசைக்கு இறக்கி ஏதாவது வேலை வாங்கலாம். கோல்கீப்பருக்கு மூன்றாம் வரிசை கிடையாது. வலை ஒன்று, நிற்பவர் ஒருவர். சறுக்கியவர் பெஞ்சில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவார். நீண்ட ஒப்பந்தத்தின் ஆபத்து இந்த இடத்தில்தான் மற்ற எல்லா இடங்களையும்விடக் கூர்மையானது.

2019 முதல் 2025 வரை கோப்பை வென்ற கோல்கீப்பர்களின் அவ்வாண்டு வரம்புச் சம்பளத்தை, அதாவது உச்சவரம்பில் கணக்காகும் தொகையை, எடுத்துப் பார்த்தேன். ஜோர்டன் பின்னிங்டன் 6.5 லட்சம், ஆந்த்ரேய் வாசிலெவ்ஸ்கி 2020இல் 35 லட்சம், குவெம்பர் 45 லட்சம், ஏடின் ஹில் 21.75 லட்சம். எதிர்ப்பக்கம் 2021இல் வாசிலெவ்ஸ்கி 95 லட்சம், 2024இலும் 2025இலும் பாப்ரோவ்ஸ்கி 1 கோடி. மலிவானவர்கள் நான்கு, உச்ச விலைக்காரர்கள் மூன்று. சந்தையில் அதிகம் விற்கும் நடுத்தரத்திலிருந்து ஒருவரும் இல்லை. ஏழே ஏழு ஆண்டு. மேலே நான் போட்ட கணக்கின்படி இதை நிறுவலாகக் கொள்ள எனக்கே உரிமையில்லை. ஆனால் காரணம் ஊகிக்கத்தக்கது. ஏறத்தாழ 20 லட்சத்துக்கு ஹில்லை வாங்கிய வேகஸ் அந்தப் பருவத்தில் ஐந்து கோல்கீப்பர்களை இறக்கிப் பார்த்தது. பிடிக்காதவரை விட்டுவிட முடிந்தது. 50 லட்சத்துக்கு வாங்கியவரை அப்படி விட மனமும் வராது, விதியும் விடாது.

இனி விதிவிலக்கு. ஃபிலடெல்ஃபியா தள்ளிவிட்ட அதே பாப்ரோவ்ஸ்கி, இரண்டு வெஸினாவோடு, 2019 ஜூலை 1 அன்று ஃப்ளோரிடாவுடன் 7 ஆண்டு, 7 கோடி டாலருக்கு ஒப்பந்தமானார். வயது 30. முதல் பருவம் 0.900. 2023 பிளே-ஆஃப் தொடங்கியபோது அவர் பெஞ்சில். வலையில் நின்றவர் அலெக்ஸ் லயன். லீக்கின் மோசமான ஒப்பந்தங்கள் என்று எழுதப்பட்ட பட்டியல்களில் அவர் பெயர் தவறாமல் வந்த காலம் அது. பாஸ்டன் தொடரின் நடுவில் இடம் திரும்பக் கிடைத்தது. மூன்றாம் சுற்றில் கரோலினாவுக்கு எதிரான நான்கு கூடுதல் நேர ஆட்டத்தில் 63 ஷாட் தடுத்தார். அணி இறுதிவரை போனது. அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பை.

அப்படியானால் ஒப்பந்தம் சரிதானா? கோப்பைக்குப் பின் எழுதியவர்கள் ஆம் என்றார்கள். நான் தயங்குகிறேன். ஏழு ஆண்டில் முதல் மூன்றரை ஆண்டு ஃப்ளோரிடா காசுக்குப் பெற்றது சராசரி. பிந்தைய பலன், அந்த இடைவெளியில் அவரைச் சுற்றிக் கட்டப்பட்ட அணியோடு பிரிக்க முடியாதபடி கலந்தது. கேம்ப்பெல்லைப் போல இரண்டாம் ஆண்டில் முறித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. முறிக்காததற்குக் காரணம் நம்பிக்கையா, முறிக்க ஆகும் செலவா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சீட்டு விழுந்தவரைக் காட்டி, சீட்டு வாங்கியது அறிவு என்று வாதிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. பாப்ரோவ்ஸ்கியின் 1 கோடி, வரம்பு 8.15 கோடியாக இருந்தபோது 12.3 சதவீதம். பெருந்தொற்றால் வரம்பு மூன்று பருவம் அங்கேயே உறைந்தது. அந்த மூன்று பருவம்தான் ஒப்பந்தம் கழுத்தை நெரித்த காலம். 2025-26இல் அதே தொகை 10.5 சதவீதம். டாலரைப் பார்ப்பதைவிடப் பங்கைப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இது போதும். 2024 டிசம்பரில் நியூயார்க் ரேஞ்சர்ஸோடு 8 ஆண்டு, 9.2 கோடிக்குக் கையெழுத்திட்ட இகோர் ஷெஸ்டெர்கின், ஆண்டுச் சம்பளத்தில் வரலாற்றிலேயே விலை உயர்ந்த கோல்கீப்பர் ஆனார். ஆனால் அவருடைய 1.15 கோடி, தொடங்கும் ஆண்டில் வரம்பின் 12 சதவீதம். 2018-19இல் மான்ட்ரியாலின் கேரி பிரைஸ் எடுத்துக்கொண்டது 13.2. வரம்பு ஏறும் காலத்தில் நீளத்தின் வலி ஆண்டுக்காண்டு குறைகிறது. என் வாதத்தை இந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்ளத்தான் வேண்டும். தொகை மெலியும், உண்மை. உடல் அதைவிட வேகமாக மெலியலாம். பிரைஸின் 8 ஆண்டு ஒப்பந்தத்தில் நான்காவது பருவத்தில் அவர் ஆடியது ஐந்து ஆட்டம். அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட, 2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தம், சொந்த அணியோடு அதிகபட்சம் 8 ஆண்டு என்றிருந்ததை 7 ஆகவும், புதிய அணியோடு 7 என்றிருந்ததை 6 ஆகவும் குறைக்கிறது. கோல்கீப்பர்களுக்கு இது இன்னும் தாராளம்தான். மூன்று ஆண்டு, வேண்டுமானால் கூடுதல் சம்பளம் என்று பேசத் துணியும் மேலாளர் விதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்த விதி வரும் பருவத்தில்தான் ஃபிலடெல்ஃபியா பிரிஸ்கலோவுக்குக் கடைசித் தவணையைக் கட்டி முடிக்கிறது. 2006இல் டிபியெட்ரோவுக்கு 15 ஆண்டு எழுதிக்கொடுத்த நியூயார்க் ஐலண்டர்ஸுக்கு, அவரை விலக்கி அனுப்பிய 2013இலிருந்து ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் வீதம், 2029 வரை இன்னும் பாக்கி இருக்கிறது.