ஸ்டாண்டர்ட் கம்பானியன்: மெட்ராஸில் பிறந்த ஐந்து கதவுக் குடும்பக் கார்

பழைய இந்தியக் கார்கள் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை அம்பாசடரும் பியட்டும்தான். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஹெரால்டைச் சொல்வார்கள். அந்த ஹெரால்டிலிருந்து பிறந்த கம்பானியன் என்ற வண்டியைச் சொல்பவர்கள் மிகக் குறைவு. இத்தனைக்கும் அது தமிழ்நாட்டில், மெட்ராஸை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டி. சிறிய கார், ஐந்து கதவுகள், முன்னால் குடும்பம், பின்னால் சாமான். இப்படி ஒரு வண்டி அந்தக் காலத்திலேயே நம் மாநிலத்தில் தயாராகியும் ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீடும் தொழிலும் ஒரே வண்டியில்

வேகன் எனப்படும் வகை எப்படிப்பட்ட குடும்பத்துக்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலைப் பக்கம் இருக்கும் இளம்பிள்ளையைப் பார்த்தால் போதும். சேலைக்குப் பெயர் போன ஊர். கைத்தறியும் விசைத்தறியும் ஓடும் இந்த ஊரில் வீடு வேறு, தொழில் வேறு என்று பிரிப்பது கடினம். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் தறி, இன்னொரு பக்கம் அடுப்படி. பாவும் நூலும் வாங்கி வருவது, நெய்த சேலையைக் கட்டாகக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோவது, கல்யாணம் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு கிளம்புவது, வயதான அம்மாவை சேலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, இவை எல்லாவற்றுக்கும் வண்டி வேண்டும்.

இதற்கு லாரி பெரிது. சாதாரணக் காரின் டிக்கியில் சேலைக் கட்டு ஒழுங்காக உட்காராது. கட்டு சதுரமாக இருக்கும், டிக்கியின் வாய் சரிவாகவும் குறுகலாகவும் இருக்கும். காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, அங்கே ஒரு கதவு வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. அதுதான் ஸ்டேஷன் வேகன். நம் கூண்டு வண்டியும் இதே யோசனைதான். ஆட்களும் மூட்டையும் ஒரே கூண்டுக்குள் போவார்கள், ஏறுவதும் இறக்குவதும் பின்பக்கமாக நடக்கும்.

அமெரிக்காவில் ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிப்போன மரக்கூண்டு வண்டிகளிலிருந்துதான் 'ஸ்டேஷன் வேகன்' என்ற பெயர் வந்தது. 1929ல் போர்டு நிறுவனம் தன் மாடல் ஏ காரை இந்த வடிவத்தில் விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தில் இதையே எஸ்டேட் கார் என்றார்கள். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1955ல் தன் 'ஸ்டாண்டர்ட் டென்' காரை எஸ்டேட்டாக மாற்றியபோது வைத்த பெயர் கம்பானியன், அதாவது கூட வரும் துணை. பின்னால் மெட்ராஸ் வண்டிக்கும் அந்தப் பெயரே வந்தது.

வண்டலூர்த் தொழிற்சாலை

1940களின் இறுதியில் இங்கிலாந்து ஸ்டாண்டர்ட் நிறுவனத்தின் கூட்டோடு மெட்ராஸில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்ட் மோட்டார் பிராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. முதலில் வான்கார்ட் கார், பிறகு சிறிய ஸ்டாண்டர்ட் டென் என்று தயாரித்தார்கள். 1953ல் மத்திய அரசு, இந்தியாவில் உதிரி பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே கார் தொழிலில் இருக்கலாம் என்று முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போயின. கார் சந்தையில் கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், மெட்ராஸின் ஸ்டாண்டர்ட் ஆகியவை நின்றன. அவற்றில் சிறியது நம் ஸ்டாண்டர்ட்தான்.

1961ல் இந்தியாவுக்கு வந்தது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959ல் வெளியான டிரையம்ப் ஹெரால்ட்தான் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அம்பாசடரின் உருண்டை உடம்புக்குப் பக்கத்தில் இந்தக் கார் கூர்மையான கோடுகளும் அகலமான கண்ணாடிகளுமாக நின்றது. ஒரே குறை, இரண்டே கதவுகள். முன் சீட்டை மடக்கிவிட்டுத்தான் பின்னால் ஏற வேண்டும். புடவை கட்டிய பாட்டியை அப்படி ஏற்ற முடியுமா? மெட்ராஸ் பொறியாளர்களுக்கு இது புரிந்தது. 1960களின் பிற்பகுதியில் அவர்கள் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில் கூட இல்லாத ஹெரால்ட் அது. அடுத்த படியாகக் கூரையை நீட்டி, பின்னால் ஐந்தாவது கதவு வைத்ததே கம்பானியன். இங்கிலாந்தில் இருந்த ஹெரால்ட் எஸ்டேட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். குடும்பம் ஏறுவதற்கு நான்கு, சாமானுக்கு ஒன்று என்ற கணக்கு இந்தியாவுக்கென்றே போடப்பட்டது.

ஓட்டினால் எப்படி இருக்கும்?

ஹெரால்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். 948 சிசி பெட்ரோல் என்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். கம்பானியனும் அதே சட்டத்தின் மேல் கட்டப்பட்டதால் ஓட்டும் குணம் பெரும்பாலும் ஹெரால்டுடையதே.

முதல் நல்ல குணம் திருப்பம். முன் சக்கரங்கள் மிக அதிகமாக ஒடியும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் கார் முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்சிகளுக்குச் சமமான திருப்பம் இது. சந்தும் முட்டுச்சந்துமாக இருக்கும் நெசவுத் தெருக்களில், பின்னால் கட்டு ஏற்றிக்கொண்டு வண்டியைத் திருப்ப வேண்டியவருக்கு இதன் அருமை தெரியும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இந்தத் திருப்பம் தோதானது. ஆனால் ஆளும் சாமானும் ஏறிவிட்டால் 35 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் பொறுமையாகத்தான் ஏற வேண்டும்.

இரண்டாவது ஸ்டியரிங். ரேக் அண்ட் பினியன் முறை என்பதால் கைக்கு லேசாகவும் துல்லியமாகவும் இருக்கும். மூன்றாவது பராமரிப்பு. பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். உடம்பும் தனித்தனித் துண்டுகளாக சேஸிஸ் மேல் போல்ட்டால் பூட்டப்பட்டது. முழு உடம்பையும் ஒரே அச்சில் வார்க்கும் பெரிய இயந்திரங்கள் இல்லாத நாட்டுக்கு இது வசதி.

அச்சில்தான் சிக்கல்

இவ்வளவு இருந்தும் வேகனுக்கு உயிரான இடத்தில், அதாவது பின் ஆக்சிலில், இந்த வண்டி தடுமாறியது.

மாட்டு வண்டியின் அச்சு ஒரே கம்பி. இரண்டு சக்கரமும் அதன் இரு முனைகளில் நேராக நிற்கும். அம்பாசடர், பியட், லாரி ஆகியவற்றிலும் பின்னால் இருப்பது இதே தத்துவம்தான். ஹெரால்டில் அப்படி இல்லை. ஆக்சில் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பாதியும் பறவையின் இறக்கை போலத் தனியாக மேலும் கீழும் ஆடும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றது பாதிக்கப்படக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அந்த விலையில் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் என்பது அன்று பெருமைதான்.

சுமை ஏறினால் கதை மாறும். பின்பக்கம் தாழும்போது இறக்கைகள் மேலே தூக்கிக்கொள்ளும். சக்கரங்களின் கால் வெளியே விரிந்து, தலை உள்ளே சாயும். டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்துபோகும். நாளாக ஆகப் பட்டையும் தொங்கிவிடும். நேர்மாறாக, வண்டி காலியாக இருக்கும்போது வளைவில் வேகமாகப் போய் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பும். வெளிச் சக்கரத்தின் கால் உள்ளே மடியப் பார்க்கும், வால் வழுக்கும். சாதாரணக் கார் பெரும்பாலும் ஒரே மாதிரி எடையோடு ஓடும். வேகனோ போகும்போது கட்டோடும் வரும்போது காலியாகவும் ஓட வேண்டிய வண்டி. ஆகவே இந்த ஆக்சிலின் இரண்டு குறைகளும் அதன் தலையிலேயே வந்து விழுந்தன.

முன்பக்கத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் திரும்பும் ட்ரன்னியன் என்ற பாகத்துக்கு கிரீஸ் அடிக்கக்கூடாது, கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். அதைத் தவறவிட்டால் பாகம் தேய்ந்து உடைந்து, சக்கரம் மடங்கிக்கொள்ளவும் கூடும். எல்லாவற்றுக்கும் கிரீஸ் துப்பாக்கியையே எடுக்கும் பட்டறையில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என லாரியோடு வாழும் வட்டாரம் இது. வண்டி வாங்குமுன் இங்கே முதலில் பார்ப்பது லோடு தாங்குமா, நம்ம மெக்கானிக்குக் கை வருமா என்பதைத்தான். இந்த இரண்டு கேள்விக்கும் அம்பாசடர் நிம்மதியான பதில் சொன்னது.

மருந்து வந்தது, நேரம் போய்விட்டது

குறை தெரியாமல் இல்லை. 1972ல் ஸ்டாண்டர்ட் வெளியிட்ட கெஸல் காரில் ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு, இந்தியர்கள் நம்பும் நேர் ஆக்சிலை வைத்தார்கள். என்ஜின் அதே 948 சிசி.

ஆனால் ஒரு சிறிய நிறுவனம் வண்டியைத் திருத்தி, தயாரிப்பைப் பெருக்கி, விலையைக் குறைத்துச் சந்தையைப் பிடிக்கும் காலமாக அது இல்லை. எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ் வேண்டும். 1969ல் கார் விலையையும் அரசே நிர்ணயித்தது, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. டாக்சிச் சந்தை கல்கத்தாவில் அம்பாசடரிடமும் பம்பாயில் பியட்டிடமும் இருந்தது. டாக்சியாக ஓடாத காருக்கு ஊர் ஊராக உதிரி பாகமும் மெக்கானிக்கும் கிடைப்பது அரிது. 1973 இறுதியில் பெட்ரோல் விலையும் ஏறியது. 1970களின் பிற்பகுதியில் கெஸல் நின்றது. நிறுவனம் ஸ்டாண்டர்ட் 20 வேனை வைத்துக் காலம் தள்ளியது. 1985ல் ரோவர் உடம்போடு ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து, சில ஆண்டுகளில் அதுவும் நின்றுபோனது.

அதற்குப் பிறகும் ஏன் வரவில்லை?

கம்பானியன் தோற்றது ஆக்சிலாலும் லைசென்ஸாலும் என்றால், 1991க்குப் பிறகு வேகன் வென்றிருக்க வேண்டும் அல்லவா? முயற்சிகள் நடந்தன. 1992ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஓப்பல் கோர்சா ஸ்விங், 2004ல் டாடா இண்டிகோ மரீனா. ஒன்றும் நிலைக்கவில்லை. டிக்கி துருத்திக்கொண்டிருந்தால்தான் அது 'கார்', கூரை பின்னால் வரை போனால் அது 'வேன்' என்ற எண்ணம் வாங்குபவர்களிடம் ஊறியிருந்தது. அதிகப் பணம் கொடுத்து வேன் வாங்குவானேன் என்று நினைத்தார்கள். சுமை ஏற்ற விரும்பியவர்கள் விலை குறைந்த மாருதி ஆம்னிக்குப் போனார்கள். கூட்டுக்குடும்பங்கள் 2000ல் வந்த குவாலிஸுக்கும் 2005ல் வந்த இன்னோவாவுக்கும் போனார்கள்.

2006 பட்ஜெட்டில் இன்னொரு கோடு விழுந்தது. நீளம் 4 மீட்டருக்குள், என்ஜின் பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்குள் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அந்தக் கோடு நீடித்தது. உள்ளே இருக்கும் கார்களுக்கு 18 சதவீதம், வெளியே போனால் 40. இந்த 4 மீட்டருக்குள் நுழைய நிறுவனங்கள் என்ன செய்தன? 2008ல் டாடா இண்டிகோ சிஎஸ், பிறகு 2012ல் மாருதி டிசையர் என்று காரின் வாலை வெட்டிக் குட்டை டிக்கி வைத்தார்கள். டிக்கியைச் சுருக்கினார்களே தவிர, அதே நீளத்தில் கூரையை நீட்டி ஐந்தாவது கதவோடு குடும்ப வேகன் செய்ய முன்வரவில்லை.

ஹெரால்டின் நீளம் 3.9 மீட்டர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இன்றைய வரிக்கோட்டுக்குள் அடங்கும் அளவு, 948 சிசியும் 1200க்குள் அடங்கும். அந்தச் சின்ன சட்டத்தின் மேல் நான்கு கதவும் சாமான் இடமும் வைக்க முடியும் என்று மெட்ராஸ்காரர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்கள். அவர்கள் தவறவிட்டது பின்பக்கத்து அச்சை மட்டுமே. அதற்கான மாற்றை 1972ல் அவர்களே கண்டுகொண்டார்கள். சேலைக் கட்டும் பிள்ளைகளும் ஒன்றாகப் பயணம் செய்யும் இளம்பிள்ளை போன்ற ஊர்களுக்கு, அந்த மாற்றோடு கம்பானியன் வந்து சேர்ந்திருந்தால் அதைவிடப் பொருத்தமான வண்டி வேறு இருந்திருக்காது.