ரஜூலா கப்பலும் பட்டியலில் இல்லாத காய்ச்சலும்

மலேயா, சிங்கப்பூரில் உறவினர் உள்ள நம் வயதுக்காரர்களுக்கு 'ரஜூலா' கப்பலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று பல்லாண்டுகள் நம் ஜனங்களைச் சுமந்த கப்பல் அது. எங்கள் காரைக்கால் பக்கத்து ஆட்கள் நாகையில் போய் ஏறுவார்கள்.

1957 மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த ரஜூலாவில் காய்ச்சல் கண்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் சீனாவில் கிளம்பி, ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் பரவிய 'ஆசிய ஃப்ளூ' அது. இந்தியாவுக்குள் அது நுழைந்த வாசல் நம் சென்னைத் துறைமுகம். குன்னூர் பாஸ்டர் நிலையம் கிருமியை ஆராய்ந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நாட்டில் பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல்.

கப்பலை ஏன் நிறுத்தி வைக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 1951 விதிகளில் பிளேக், காலரா, பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், பேனால் பரவும் இரண்டு காய்ச்சல்கள் என ஆறு நோய்கள்தாம் இருந்தன. அம்மை குத்திய சான்றிதழ் இல்லாத பயணியை அதிகாரி மடக்கலாம். ஃப்ளூவோடு வருபவரை மடக்க அந்த விதிகளில் இடமில்லை. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டியலில் பெயர் இல்லையென்றால் கோப்பே நகராது.

நான் பிரெஞ்சில் படித்தவன். தொற்றுக்காகக் கப்பலைத் தனியே நிறுத்துவதை அந்த மொழியில் 'கராந்தேன்' என்பார்கள். நாற்பது என்று பொருள். வெனிஸ் நகரத்தார் அந்தக் காலத்தில் நாற்பது நாள் நிறுத்தி வைத்ததால் வந்த பெயர். ஃப்ளூவுக்கு அத்தனை நாள் தேவையில்லை. தொற்றிய ஓரிரு நாளில் காய்ச்சல் காட்டிவிடும். ஒரு வாரக் கடல் பயணத்தில் நோயாளி யார் என்பது கரை சேருமுன்பே தெரிந்துவிடும். விமானம் வந்த பிறகு அந்த வசதியும் போயிற்று. நாலு மணி நேரத்தில் இறங்குபவர் உடம்பில் நோய் இருக்கும், சூடு இருக்காது. நெற்றியில் கருவியை நீட்டினால் என்ன தெரியும்?

2003-ல் சார்ஸ் வந்து உலகத்தை உலுக்கிய பின், 2005-ல் விதிகளைத் திருத்தினார்கள். சார்ஸும் புதுவகை ஃப்ளூவும் உடனே தெரிவிக்க வேண்டிய நோய்களாயின. ஆனால் 2020-ல் கொரோனா வந்தபோது விதியைப் பார்த்து நிதானமாக நடக்க யாருக்கும் நேரமில்லை. மார்ச் கடைசியில் நிறுத்திய வெளிநாட்டு விமானங்களின் வழக்கமான சேவை, 2022 மார்ச் 27-ல்தான் மீண்டும் தொடங்கியது.

அந்த அடைப்பில் மாட்டியவர்களில் ஈரானில் மீன்பிடி வேலைக்குப் போன நம் தமிழ்நாட்டு மீனவர்களும் உண்டு. கடற்படையின் ஜலஷ்வா கப்பல் அறுநூறுக்கு மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி வந்து சேர்ந்தபோது ஜூலை பிறந்துவிட்டது. கடலுக்குப் போனவன் கரை திரும்பும்வரை வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதைப் பழவேற்காட்டுக் குப்பங்களில் உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1957-ல் கதவு திறந்தே கிடந்தது. 2020-ல் ஒரேயடியாகச் சாத்தப்பட்டது. இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் பிழைப்புக்காகக் கடல் தாண்டிய ஏழைகள். அடுத்த முறை கதவைச் சாத்த உத்தரவு எழுதுபவர்கள், வெளியே நிற்கும் நம்மவர்களை அழைத்து வரும் வழியையும் அதே தாளில், அதே தேதியிட்டு எழுதிவைக்க வேண்டும்.