கஞ்சி கொடுத்த கை

ஈழத்துத் திருச்சபையின் கதை – 14

மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் புகுந்த குடும்பங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். காட்டுக்குப் போக வழியில்லாமல் ஊரிலேயே இருந்துவிட்டவர்களின் கதை இந்த வாரம்.

1687ஆம் ஆண்டு. தூத்துக்குடியிலிருந்து வந்த கப்பல் ஒன்று புயலில் அலைக்கழிந்து, மன்னார்க் கரையைத் தொட்டுக் கடைசியில் யாழ்ப்பாணம் சேர்ந்தது. பசியால் வாடிப்போன இரண்டு பேர் இறங்கினார்கள். கூலிக்காரர்களின் உடை. துறையில் யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் கோவாவைச் சேர்ந்த குருவானவர் யோசே வாஸ்; வயது 36. மற்றவர் அவருடைய பணியாள் யோவான். தூத்துக்குடிப் பக்கத்தில் தங்கியிருந்தபோது தமிழ் படித்துக்கொண்டுதான் கடலைத் தாண்டினார் அடிகளார். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிலேயே கட்டளை போட்டிருந்த ஊர் அது.

தோம்பும் வீடும்

1658 ஜூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் ஒவ்வொன்றாகச் சீர்திருத்த சபையின் கோயில்களாக மாறின. கோயிலோடு ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார், வாத்தியார் கையில் ஒரு தோம்பு. பிள்ளையின் ஞானஸ்நானம் அதில் பதிய வேண்டும். கலியாணம் அதில் பதிய வேண்டும். பதியாத கலியாணத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் காணியில் உரிமை கோருவதும் கடினம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் தண்டம் கட்ட வேண்டும்.

இந்த வலைக்குள்தான் ஒரு சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பம் சோறாக்கிச் சாப்பிட்டு, விதைத்து, அறுத்து, பிள்ளை பெற்று வாழ வேண்டியிருந்தது. தினமும் வாளை நீட்டி யாரும் விசுவாசத்தை மறுதலிக்கச் சொல்லவில்லை. தோம்பும் தண்டமும் காணி உறுதியும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தன. பலர் பெயரைத் தோம்பில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்னார்கள். சாகக் கிடக்கும் குழந்தைக்குப் பெரியவர் ஒருவரே தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார்; ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய ஏற்பாடு. ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. நன்மை வாங்க வழியில்லை. அவஸ்தைப்பூசுதல் இல்லாமலே ஒரு தலைமுறை கண்ணை மூடியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்த்துக்கேயர் காலத்தில் சைவர்கள் விரதம் இருந்து சாப்பிட்ட வாழையிலையை வெளியே போடப் பயந்து, கூரை இறப்பில் செருகி வைத்த கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. அன்று அதிகாரத்தின் நிழலில் நின்றவர்கள் கத்தோலிக்கர்கள். ஆட்சி மாறியதும் ஒளித்து வைக்கும் முறை அவர்களுக்கு வந்தது. மனச்சாட்சியை அரசாங்கம் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை நம் முன்னோர் இரண்டு பக்கமும் நின்று கற்றார்கள். நாம் அதை மறக்கக் கூடாது.

குடிசைக்கு வந்த கஞ்சி

இப்படிப்பட்ட ஊரில் இறங்கியவரின் முதல் நாட்கள் எப்படிப் போயின? ஒரு வீட்டுக் கதவையும் தட்டுவதற்கு முன்பே அவருக்குக் கடுமையான வயிற்றுளைச்சல் கண்டது. கப்பலில் பட்ட பட்டினியும் கெட்ட தண்ணீரும் உடம்பை உடைத்துப்போட்டிருந்தன. நோய் தொற்றிவிடும் என்று ஊரார் பயந்தார்கள். ஊருக்கு வெளியே ஆளில்லாத குடிசை ஒன்றில் விடப்பட்டார். யோவானும் படுத்துவிட்டார். எழுந்து தண்ணீர் மொண்டு கொடுக்கவும் ஆள் இல்லை.

அவர் கேட்டு வாங்கிய இடம் இது என்பதை இங்கே நினைக்க வேண்டும். ஈழத்துக் கத்தோலிக்கர்கள் குருவில்லாமல் தவிக்கிறார்கள் என்று கோவாவில் கேள்விப்பட்ட நாள் முதல் அவர் மனம் இங்கேதான் இருந்தது. 1681இல் அவர் கிளம்ப நினைத்தபோது மேலதிகாரிகள் கன்னடக் கரைக்குப் போகச் சொன்னார்கள். போனார். மூன்று ஆண்டுகள் மங்களூர்ப் பக்கத்தில் குழம்பிக் கிடந்த சபையைச் சீர்படுத்திவிட்டுக் கோவா திரும்பினார். 1685இல் பழைய கோவாவில் இந்தியக் குருக்கள் சிலர் தொடங்கியிருந்த ஒரத்தோரியன் சபையில் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் தன் ஆசையை அடக்கிக் கீழ்ப்படிந்தவருக்கு ஆண்டவர் திறந்த வாசல் இந்தக் குடிசைதானா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். அவருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் திரும்பிப் போகும் கப்பலை அவர் தேடவில்லை.

அந்த நாட்களில் ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அடிகளாரின் வாழ்க்கை வரலாறு இவ்வளவுதான் சொல்கிறது. அவள் பெயர் தெரியாது. யார் வீட்டுப் பெண் என்பதும் தெரியாது. குடிசையில் கிடப்பவர் ஒரு குரு என்று அவள் அறிந்திருக்க நியாயமில்லை. அதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கண்ணுக்குப் பட்டது ஊர் ஒதுக்கிய இரண்டு நோயாளிகள். வீட்டில் இருந்தது கஞ்சி. அதை ஊற்றிக்கொண்டு நடந்தாள்.

முப்பது ஆண்டுகளாக இந்த மண் ஒரு குருவுக்காகச் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது ஒரு கலயம் கஞ்சியில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் கஞ்சி இல்லாவிட்டால் இந்தத் தொடரில் இனி வரும் பக்கங்கள் இல்லை. அவளோ தான் ஒரு சபையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. நோயுற்றிருந்தேன், பார்க்க வந்தீர்கள் என்று ஆண்டவர் சொன்னது இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான்.

கழுத்தில் செபமாலை

உடம்பு தேறியதும் அடிகளார் பிச்சை எடுக்கப் போனார். வேஷத்துக்காக மட்டும் அல்ல. உண்மையிலேயே சாப்பாட்டுக்கு வழியில்லை. கழுத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பெரிய செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டார். பிடித்துக் கொடுக்க நினைப்பவனும் அதைப் பார்ப்பான். ஏங்கிக் கிடப்பவனும் பார்ப்பான். அடிகளார் அவர்கள் கண்ணைப் பார்த்தார். அரிசியைப் போட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள் யார், செபமாலையைக் கண்டு ஒரு நொடி தயங்கி நிற்கிறவர்கள் யார் என்று வீடு வீடாகக் கவனித்தார். பக்தியுள்ள குடும்பம் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு வீட்டில், சரியான நேரம் பார்த்து, தான் யார் என்பதைச் சொன்னார்.

அந்த வீட்டுக்காரர் நிலையை நினைத்துப் பாருங்கள். நம்பினால் உயிருக்கு ஆபத்து. நம்பாமல் விட்டால் முப்பது ஆண்டு வேண்டுதலை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியதாகும். வந்திருப்பவர் ஒற்றனாகவும் இருக்கலாம். ஆனாலும் கதவைத் திறந்தார்கள். அன்று தொடங்கி இரவுகளில் வீட்டுக்கு வீடு செய்தி போனது. பகலெல்லாம் பிச்சைக்காரராக அலைந்தவர் இரவில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், விடியுமுன் பூசை வைத்தார். பூசை என்றால் என்ன என்று பாட்டி சொல்லக் கேட்டு மட்டுமே வளர்ந்த பிள்ளைகள், கலியாண வயதில் முதன்முதலாகப் பீடத்தின் முன் முழங்காலில் நின்றார்கள்.

சில்லாலையும் 1689 நத்தாரும்

பட்டணத்தில் ஒளிந்திருப்பது கடினமானதும் அடிகளார் பண்டத்தரிப்புக்கு அருகே சில்லாலைக் கிராமத்துக்கு இடம் மாறினார். ஊர் முழுவதும் உறுதியான கத்தோலிக்கர்கள். சில்லாலை அவரைத் தன் பிள்ளையைப் போல் ஒளித்து வைத்துக் காத்தது. அங்கிருந்து பல ஊர்களுக்கும் இரவில் போய் வந்தார்.

1689ஆம் ஆண்டு நத்தாருக்கு, ஒல்லாந்துக் கொம்பனியின் ஆணையாளர் வான் ரீட் யாழ்ப்பாணத்தில் இருந்தார். மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிய புகழ்பெற்ற ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலை உருவாக்கியவர் இவரேதான். நத்தார் இரவில் பூசைக்கு ஜனங்கள் கூடியிருந்த வீடுகளுக்குள் சிப்பாய்கள் புகுந்தார்கள். சுரூபங்களை உடைத்தார்கள். ஏறக்குறைய 300 பேரைப் பிடித்துப் போனார்கள். அடிகளார் அவர்கள் கண்ணில் படாமல் தப்பியதை மக்கள் புதுமை என்றே சொல்லி வந்தார்கள்.

பிடிபட்டவர்களில் தலைவர்களாகக் கருதப்பட்ட எட்டுப் பேருக்குக் கொடிய தண்டனை. அவர்களில் டொன் பேதுரு என்பவர் ஒல்லாந்தர் இனத்தவர். கத்தோலிக்கராக மனம் மாறியவர். அவரை அடித்தே கொன்றார்கள். மற்ற ஏழு பேருக்கும் கோட்டையில் கடூழியம். அதிலேயே அவர்கள் உயிர் போனது. குரு எங்கே என்று சொல்லியிருந்தால் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கலாம். வேதசாட்சி என்ற சொல்லை நாம் ரோமாபுரியின் மைதானங்களோடு சேர்த்தே நினைத்துப் பழகிவிட்டோம். யாழ்ப்பாணக் கோட்டைக் கற்களைச் சுமந்த இவர்களுக்கும் அந்தச் சொல் உரியது.

அடிகளாருக்கு அது எப்படி இருந்திருக்கும்! தான் வந்ததனால்தான் இவர்கள் செத்தார்கள் என்ற பாரம் எவரையும் நொறுக்கிவிடும். தம்மைத் தேடும் வேட்டையில் ஜனங்கள் மேலும் அழியக் கூடாது என்று 1690இல் கண்டி அரசனின் ஆட்சியிலிருந்த புத்தளத்துக்குப் போனார். துன்புறுத்தப்பட்ட கத்தோலிக்கருக்குப் புகலிடம் கொடுத்தவன் பௌத்த மன்னன் என்பதை நன்றியோடு எழுத வேண்டும்.

கண்டியில் திரும்பிய கஞ்சி

1692இல் அவர் கண்டிக்குப் போனார். அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று கோள் சொல்ல, யோவானோடு சேர்த்துச் சிறை வைத்தார்கள். அடிகளார் சிறையில் இருந்தபடியே சிங்களம் படித்தார். காவல் தளர்ந்ததும் ஓலைக் கொட்டில் ஒன்றைக் கோயிலாக்கி, அந்த ஆண்டு நத்தார் பூசையை அங்கே வைத்தார். பஞ்ச காலத்தில் அவர் வேண்டுதலால் மழை பெய்தது என்பது கண்டியின் மரபுவழிச் செய்தி. இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் படிப்படியாக அவருக்கு நடமாடவும் போதிக்கவும் சுதந்தரம் கொடுத்தான்.

1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போனார்கள். நோய் கண்டவர்களைச் சொந்த வீட்டாரே காட்டோரம் கொண்டுபோய் விட்டார்கள். குற்றம் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அம்மைக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அடிகளாரும் அவரோடு இருந்த குரு யோசே கார்வாலோவும் நகரில் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார்கள். ஆளில்லாமல் கிடந்த வீடுகளைத் திறந்து நோயாளிகளைச் சேர்த்தார்கள். புண்களைக் கழுவினார்கள், உணவு சமைத்து ஊட்டினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். இன்ன மதம் என்று பார்க்கவில்லை.

தொற்றுக்குப் பயந்து ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பது அவருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்துக் குடிசையில் படுத்துக் கிடந்தவர் அவர். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த நாட்கள் வீண் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். கண்டியில் அந்த நாட்களுக்குப் பலன் கிடைத்தது. ஆண்டவர் நம் துன்பத்தை அப்போதே விளக்கிச் சொல்வதில்லை. ஆனால் ஒன்றையும் வீணாக்குவதும் இல்லை.

நமக்கு

இந்த வரலாற்றில் பெரிய திட்டம் வைத்துக்கொண்டு செயல்பட்டவர் யாரும் இல்லை. ஒரு பெண் கஞ்சி கொண்டுபோனாள். ஒரு வீட்டார் கதவைத் திறந்தார்கள். எட்டுப் பேர் வாயைத் திறக்கவில்லை. ஒரு குரு, போகச் சொன்ன இடத்துக்குப் போனார். படுக்கவைத்த இடத்தில் படுத்தார். சிறையில் எழுத்துக் கற்றார். ஆண்டவரை நம்புவது என்றால் நாளைக்கு என்ன நடக்கும் என்று அறிந்திருப்பது அல்ல. இன்றைக்குக் கையில் உள்ள கடமையை விடாமல் செய்வதுதான் நம்பிக்கை.

1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அடிகளாரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே வீதியில் இறங்கி நடந்தது. மழையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனவர்களுக்குத் தங்கள் வீட்டு விறாந்தையைத் திறந்துவிட்டவர்களை நம்மில் பலர் மறக்க மாட்டோம். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு, அன்று பிற்பகலே மடுத்திருத்தலத்துக்கு வந்து போரில் பிள்ளைகளை இழந்தவர்களோடு ஜெபித்தார்.

வேலை போனவர்களும், தீராத நோயோடு படுத்திருப்பவர்களும், காணாமல்போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மாரும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வேண்டுதலுக்கு இன்னும் பதில் வராமல் இருக்கலாம். அதற்குள் உங்கள் தெருவில் ஒருவருக்குக் கஞ்சி தேவைப்படலாம். அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு சபையே அதில் பிழைக்கலாம்.

யோசே வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறந்தார். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே கோவாவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளம் குரு, சிங்களத்திலும் தமிழிலும் எழுதி எழுதியே இந்தச் சபையை வளர்த்தார். யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ஏட்டையும் எழுத்தாணியையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)