கீபோர்டு சும்மா இருந்தால் சிபியு ஏன் எகிறுது?

போன மாசம் நண்பர் கச்சேரியில் ஒரு வேடிக்கை. கீபோர்டு வாசிக்கும்போது லேப்டாப்பில் சிபியு மீட்டர் சாதாரணமாக இருந்தது. வாசிப்பை நிறுத்தி அரை நிமிஷத்தில் 100-ஐத் தொட்டது. பாடுபவர் குரல் வெட்டி வெட்டி வந்தது.

தோண்டினால், கதை 1970களின் கடைசிக்குப் போகுது. ஃப்ளோட்டிங் பாயிண்ட் கணக்குக்குத் தரம் வகுத்த காலம். மிகச் சிறிய எண் சட்டென்று பூஜ்ஜியமாகக் கூடாது, படிப்படியாகத் தேயணும் என்றார் பேராசிரியர் வில்லியம் கஹான். வேகம் கெடும் என்றது டெக் நிறுவனம். ஜெயித்தது கஹான் பக்கம். 1985-இல் ஐஇஇஇ 754 வந்தது.

கணக்குக்கு அது நியாயம்தான். ஆனால் ரிவெர்ப் ப்ளகின், தன் வெளியீட்டையே குறைத்துக் குறைத்து மறுபடி உள்ளே எடுக்கும். வாசிப்பு நின்றால் எண்கள் தேய்ந்து 10-இன் அடுக்கு -38-க்கும் கீழே போகும். இவைதான் டீநார்மல் எண்கள். பல சிப்களில் இவற்றுக்குப் பல மடங்கு நேரம் பிடிக்கும்.

1999-இல் பென்டியம் 3-இலேயே இவற்றைப் பூஜ்ஜியமாக்கும் வசதி வந்துவிட்டது. நண்பரின் பழைய ப்ளகின் அதைப் பயன்படுத்தவில்லை போல. ரிவெர்புக்கு முன்னால் காதுக்கு எட்டாத அளவு இரைச்சல் கலந்தேன், மீட்டர் இறங்கியது.

கஹான் சொன்னதும் சரி, டெக் பயந்ததும் சரி. நடுவில் மாட்டியது பாடுபவர்!