காந்தாரம் நகருது, சட்ஜம் நிக்குது

அமெரிக்காவோட கண்ட்ரி பாட்டு கேட்டிருக்கீங்களா மக்களே? பாடுறவர் ஒரு வரியை முடிச்சதும் பின்னாடி ஏதோ ஒண்ணு தேம்பித் தேம்பி அழும். வயலினும் இல்ல, நாம பாக்கிற கிட்டாரும் இல்ல. அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். மேஜை மாதிரி படுக்க வச்சிருப்பாங்க. இடது கையில ஒரு இரும்பு உருளை கம்பி மேல வழுக்கும், வலது கை மீட்டும், கால் பெடலை மிதிக்கும். அதுல வாசிக்கிற சின்னச் சின்னத் துணுக்குகளுக்கு 'லிக்'குன்னு பேரு. நம்ம ராகத்துல 'பிடி'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது மாதிரி.

சிமெண்டு ஆலைக்குப் பேர் போன ஆலங்குளத்துக்காரனுக்கு இது எதுக்குடான்னு கேப்பீங்க. காரணம் இருக்கு. இந்தக் கதைக்கு உறவான இன்னொரு கதை நம்ம பக்கத்து எட்டயபுரத்துல நடந்திருக்கு.

முதல்ல வழுக்குற கதை. 1880கள்ல ஹவாய்த் தீவுல ஜோசப் கெகுகுங்கிற பையன் கிட்டார் கம்பி மேல இரும்பை வச்சுத் தேய்ச்சதுல ஆரம்பிச்சதா பொதுவா சொல்வாங்க. இந்தியாவுல பிறந்து கப்பல்ல ஹவாய் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன்தான் முதல் ஆளுன்னு இன்னொரு கட்சியும் உண்டு. எது சரியோ, வழுக்கி வாசிக்கிறது நமக்குப் புதுசு இல்ல. 13-ஆம் நூற்றாண்டு சங்கீத ரத்னாகரத்துலயே ஒத்தைக் கம்பி வீணையில மூங்கில் துண்டை வச்சு வாசிக்கிற முறை இருக்கு. நம்ம கோட்டுவாத்தியம் (இப்ப சித்திரவீணை) அந்த வழிதான். திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி, மைசூர் அரண்மனையில இருந்த நாராயண ஐயங்கார்னு பெரிய கைகள் எல்லாம் அதுல இருந்திருக்கு. மெட்டே கிடையாது. எங்க நிறுத்தணும்னு காதுதான் சொல்லணும்.

இப்ப அமெரிக்காவுக்கு வருவோம். 1954-ல வெப் பியர்ஸ் பாடின 'ஸ்லோலி'ங்கிற பாட்டு சக்கைப்போடு போட்டுச்சு. அதுல ஸ்டீல் வாசிச்சவர் பட் ஐசக்ஸ். கேட்ட மத்த ஸ்டீல் வித்வான்களுக்கு தூக்கம் போச்சு. எப்படி வாசிச்சாருன்னு ரெக்கார்டைப் பார்த்தா தெரியாதே! காதுல கிடைச்ச துப்பு ஒண்ணே ஒண்ணுதான். இரும்பை வழுக்கினா அதுக்கு அடியில இருக்கிற கம்பியெல்லாம் ஒண்ணாத்தான் நகரும். ஆனா இந்தப் பாட்டுல சில சுரம் நகருது, ஒரு சுரம் அசையாம நிக்குது. அப்படின்னா உருளை வேலை இல்ல, மீட்டின பிறகு பெடலை மிதிச்சு கம்பியை இழுக்கிறார். பெடல் வச்ச ஸ்டீல் அதுக்கு முன்னாடியே உண்டு, ஆனா சுதி மாத்திக்கத்தான் அதிகம் பயன்பட்டுச்சு. ஒலிக்கும்போதே மிதிச்சு அந்த இழுவையையே இசையாக்கினதுதான் இவர் செஞ்சது. அதுக்கப்புறம் ஆளாளுக்கு பெடல் மாட்ட ஆரம்பிச்சாங்க.

நம்ம பாஷையில சொன்னா ரொம்ப சுலபம். இன்னிக்கு வழக்கத்துல இருக்கிற ஈ-9 சுதியில மூணு கம்பியை எடுத்துக்கோங்க: ச, க, ப. ரெண்டு பெடலையும் மிதிச்சா காந்தாரம் மத்யமமா ஏறும், பஞ்சமம் தைவதமா ஏறும். சட்ஜம் அப்படியே நிக்கும். சகப போய் சமத வந்தாச்சு. எல்லாம் சங்கராபரணத்துக்குள்ளதான். பின்னாடி பட்டி எம்மன்ஸ், ஜிம்மி டே மாதிரி ஆட்கள் ஒவ்வொரு இழுவைக்கும் தனித்தனி பெடலா பிரிச்சதும் லிக்குகள் பெருகிடுச்சு. கோட்டுவாத்தியம் வழுக்குது, வீணை மெட்டு மேல கம்பியைப் பக்கவாட்டுல இழுக்குது. இந்த ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டா அதுதான் பெடல் ஸ்டீல்.

கேட்டுப் பிடிக்க அந்தக் காலத்து ஆட்கள் ஒரு தந்திரம் வச்சிருந்தாங்க. 33 சுத்து இசைத்தட்டை 16 சுத்துல ஓட விடுறது. வேகம் பாதி, சுருதி சரியா ஒரு ஸ்தாயி கீழே. அதனால சுரப்பேரு மாறாது. அடிக்கடி முள்ளைத் தூக்கித் தூக்கி வச்சதுல இசைத்தட்டு தேஞ்சதுதான் மிச்சம் :-)

இனி எட்டயபுரம். முத்துசுவாமி தீட்சிதரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்தப்ப ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டு, நம்ம சங்கீதத்தை அதுல ஏத்தினார். அப்புறம் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அடுத்தவன் வாத்தியத்துல நம்ம கமகத்தைத் தேடுறது எவ்வளவு பழைய வேலை பாருங்க! அவர் தத்தெடுத்த பேரன் சுப்பராம தீட்சிதர், சின்னசாமி முதலியார் தூண்டுதல்ல, 1904-ல எட்டயபுரத்துல 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை அச்சுல கொண்டு வந்தார். கமகம் ஒவ்வொண்ணுக்கும் தனிக் குறி. ஏற்ற ஜாருவுக்கு ஏறுற சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்குற சாய்கோடு. கிட்டார்க்காரங்க இன்னிக்கு எழுதுற 'டேப்'லயும் வழுக்கலுக்கு இதே சாய்கோடுதான்!

அந்தப் புத்தகம் இல்லைன்னா பல கீர்த்தனைகளோட பழைய உருவம் நமக்குக் கிடைச்சிருக்காது. அதனால எழுத்து முக்கியம், சந்தேகமே இல்ல. ஆனா சாய்கோடு எங்கிருந்து எங்கேன்னு சொல்லும், எவ்வளவு மெதுவா, எங்க கொஞ்சம் தயங்கின்னு சொல்லாது. ஜாருவைக் காதால கேட்டவனுக்குத்தான் அந்தக் கோடு பாடும். கேக்காதவனுக்கு அது வெறும் கோடு. இப்ப லிக் ஒவ்வொண்ணுக்கும் டேப் இணையத்துல கிடைக்குது, சுருதி மாறாம வேகம் குறைக்க பொத்தானும் இருக்கு. பொத்தானை நல்லா பயன்படுத்துங்க, தப்பே இல்ல. டேப்பை மட்டும் கடைசியில திறங்க. 1954-ல அவங்களுக்குக் கிடைச்ச துப்பு காது வழியா வந்ததுதான்.

அடுத்த தடவை ஒரு கண்ட்ரி பாட்டு காதுல விழுந்தா, நகர்ற சுரத்தை விட்டுட்டு நிக்கிற சுரத்தைத் தேடுங்க. அது கிடைச்சா லிக் பாதி கிடைச்ச மாதிரி.