அப்பாவின் பட்டியலில் 62 வெள்ளி ரூபாய்கள்

நம் வீடுகளில் பூஜை அலமாரியிலோ, இரும்புப் பெட்டியின் அடியிலோ, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நாலைந்து பழைய வெள்ளி ரூபாய்கள் அநேகமாக இருக்கும். உபநயனத்திற்கு வந்தது, சீமந்தத்திற்கு வந்தது, பாட்டி வைத்துவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். தீபாவளிக்கு லக்ஷ்மி பூஜையில் வைத்து எடுப்பதோடு சரி. அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த வருஷத்தது என்று நாம் பார்ப்பதில்லை. நானும் பார்க்காமல் இருந்தவன்தான். அதனால் நேர்ந்த நஷ்டம் என்னை இந்தப் பொழுதுபோக்கில் கொண்டு வந்து விட்டது.

1980 தை மாதம் என் தங்கையின் கல்யாணம். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். உலகச் சந்தையில் வெள்ளி விலை அந்த ஜனவரியில் அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியது. எங்கும் அதே பேச்சு. பாட்டியிடமிருந்து வந்த 62 வெள்ளி ரூபாய்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தன. "வெள்ளி எந்த உருவத்தில் இருந்தாலும் வெள்ளிதானே அம்மா" என்று பி.எஸ்ஸி. படித்த தைரியத்தில் நான்தான் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் போட்டு, அதற்கு ஈடாக ஒரு ஜோடி குத்துவிளக்கு வாங்கி வந்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்து, "கலப்படம்" என்று கால் பங்கு கழித்தார். நான் வாய் திறக்கவில்லை. இரண்டே மாதத்தில் உலக விலை 11 டாலருக்கும் கீழே விழுந்தபோது, நல்ல நேரத்தில் விற்றேன் என்று பெருமையும் பட்டுக்கொண்டேன்.

2006-ல் அம்மா காலமான பிறகு அந்த டிரங்குப் பெட்டியைக் காலி செய்தோம். அடியில் அப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று. அதில் ஒரு பக்கம் முழுவதும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில்: "விக்டோரியா 1840 - 4. விக்டோரியா 1862 - 11. விக்டோரியா சக்கரவர்த்தினி - 17. எட்வர்ட் - 12. ஐந்தாம் ஜார்ஜ் - 14, இதில் 1911 - 1 (யானை). ஆறாம் ஜார்ஜ், அரை வெள்ளி - 4. ஆக 62." அந்தக் காசுகள் ஒவ்வொன்றையும் அப்பா எடுத்துப் பார்த்து, இனம் பிரித்து எழுதி வைத்திருக்கிறார். "யானை" என்று ஏன் எழுதினார், "அரை வெள்ளி" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சில மாதங்கள் ஆயின. தெரிந்துகொண்டதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

180 கிரெயின் கணக்கு

ரூபாய் என்ற வெள்ளி நாணயத்தை ஒழுங்குபடுத்தியவர் ஷேர் ஷா சூரி (ஆட்சி 1540 - 1545). வெள்ளியைக் குறிக்கும் ரூப்யம் என்ற சம்ஸ்கிருதச் சொல்தான் இதற்கு மூலம். ஷேர் ஷாவின் ரூபாய் சுமார் 178 கிரெயின் எடை. மொகலாயர்கள் அதையே தொடர்ந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் வெகுகாலம் தன் பெயரில் ரூபாய் அடிக்காமல், மொகலாயச் சக்கரவர்த்தியின் பெயரைப் பாரசீக எழுத்தில் போட்டே அடித்தது. வங்காளத்தில் சிக்கா ரூபாய், மேற்கே சூரத் ரூபாய், நம் பக்கம் ஆற்காட்டு ரூபாய் என்று ஊருக்கு ஊர் வேறு எடை, வேறு மதிப்பு.

தென்னிந்தியாவில் அக்காலத்தில் முக்கிய நாணயம் தங்க வராகன். 1818-ல் சென்னை மாகாணத்தில் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாயைப் பிரதான நாணயமாக்கினார்கள். மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன். அந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின், அதில் சுத்த வெள்ளி 165 கிரெயின். 1835-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயம் என்று சட்டம் வந்தபோது இதே அளவுதான் நிலைத்தது. கிராம் கணக்கில் 11.66 எடை, 10.69 சுத்த வெள்ளி. ஒரு தோலா என்பதும் இதே 180 கிரெயின்தான். வீட்டில் பெரியவர்கள் "ஒரு ரூபாய் எடை" என்று மருந்துச் சரக்கு நிறுத்தது இதனால்தான்.

அப்பாவின் பட்டியலில் 1840, 1862 என்ற இரண்டே வருஷங்களில் 15 காசுகள் இருந்ததற்கும் காரணம் உண்டு. பழைய வருஷத்துக் காசு தேய்ந்திருக்கும் என்று சொல்லி சராப்புகள் வட்டம் பிடித்துவந்தார்கள். அதற்கு இடம் கொடாமல் இருக்க, ஒரே வருஷத்தையே பல ஆண்டுகள் மாற்றாமல் அடித்தார்கள். 1862 என்று பொறித்த ரூபாய் 1870-களிலும் அடிக்கப்பட்டிருக்கிறது. மறுபுறத்தில் உள்ள சிறு புள்ளிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் வைத்துத்தான் இன்று சேகரிப்போர் அவற்றை இனம் பிரிக்கிறார்கள். 1876-ல் விக்டோரியாவுக்கு இந்தியச் சக்கரவர்த்தினி பட்டம் வழங்கச் சட்டம் வந்தது. 1877 முதல் காசில் "குவீன்" போய் "எம்ப்ரஸ்" வந்தது.

வெள்ளி வீழ்ந்த கதை

1870-களில் ஜெர்மனி முதலிய நாடுகள் தங்க நாணயத்திற்கு மாறி, கையில் இருந்த வெள்ளியை விற்றன. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி வந்து குவிந்தது. ஏறக்குறைய 2 ஷில்லிங் மதிப்புள்ள ரூபாய் 1893 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸுக்குச் சரிந்தது. இங்கிலாந்துக்குப் பவுனில் கப்பம் போல் அனுப்ப வேண்டிய செலவுக்கு இந்திய வரிப்பணம் அதிகமாகத் தேவைப்பட்டது. அதுவரை யார் வெள்ளி கொண்டுபோனாலும் அக்கசாலையில் ரூபாயாக அடித்துக் கொடுப்பார்கள். 1893 ஜூனில் அந்த வாசலை மூடினார்கள். அன்றிலிருந்து ரூபாயின் முக மதிப்பு வேறு, உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பு வேறு என்றாயிற்று. 1899-ல் இங்கிலாந்தின் சாவரின் தங்கக் காசு 15 ரூபாய் என்ற விகிதத்தில் இங்கும் செல்லுபடியாயிற்று.

நாம் "பவுன்" என்பது இந்தச் சாவரினைத்தான். அதன் எடை 7.988 கிராம், 22 காரட். நகைக்கடையில் இன்றும் ஒரு பவுன் என்றால் 8 கிராம் என்பது இதன் வாரிசு. 1918-ல் பம்பாயிலேயே சாவரின் அடித்தார்கள். அதில் "ஐ" என்ற சிறிய ஆங்கில எழுத்து அடையாளமாக இருக்கும். வீட்டில் பவுன் காசு வைத்திருப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

இனி அப்பாவின் "யானை". 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் உருவத்துடன் வந்த ரூபாயில், அரசரின் அங்கியில் ஒரு குட்டி யானை இருந்தது. துதிக்கை மிகவும் சிறிதாக அமைந்துவிட்டதால் அது பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்கள் உள்ள நாட்டில் இது பெரிய ஆட்சேபத்தைக் கிளப்பியது. அடித்ததில் பெரும்பாலானவற்றை உருக்கிவிட்டு, 1912-ல் திருத்திய யானையுடன் வெளியிட்டார்கள். அப்படி உருக்காமல் தப்பிய காசு ஒன்று எங்கள் பாட்டியிடம் எழுபது வருஷம் பத்திரமாக இருந்தது. அதை உருக்கக் கொடுத்தவன் நான்.

முதல் உலகப் போரில் வெள்ளி கிடைக்காமல் 1917-ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1918-ல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி, அந்த வெள்ளியை இந்திய நாணயத்திற்காக பிரிட்டனுக்கு விற்றது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940-ல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அப்பா எழுதிய "அரை வெள்ளி" இதுதான். பழைய முழு வெள்ளிக் காசுகளை ஒவ்வொன்றாகச் செல்லாதவை ஆக்கினார்கள். 1947-ல் புலி உருவத்துடன் வந்த ரூபாய் வெறும் நிக்கல்.

இப்போது என் 1980 வியாபாரத்தைக் கணக்குப் பார்க்கிறேன். முழு வெள்ளி 58 காசு, 10.69 வீதம் 620 கிராம். அரை வெள்ளி 4 காசு, 23 கிராம். ஆக 643 கிராம் சுத்த வெள்ளி. கடைக்காரர் கால் பங்கு கழித்து எனக்குக் கொடுத்த கணக்கு 542 கிராம். நூறு கிராமுக்கு மேல் போனது. நாலு வரி பெருக்கல் கணக்கு, பி.எஸ்ஸி. படித்தவன் போட்டிருக்க வேண்டாமா!

வீட்டிலேயே ஒரு சோதனை

அதன் பிறகுதான் சேகரிக்க ஆரம்பித்தேன். முதலில் கற்றுக்கொண்டது ஆர்க்கிமிடீஸ் வழி. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு போதும். அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யத்திற்குக் கொண்டுவாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீரில் முழுதும் முழுகும்படித் தொங்கவிடுங்கள். தேயாத முழு வெள்ளி ரூபாய் என்றால் தராசு 1.13 காட்டும். அரை வெள்ளி என்றால் 1.22. தாமிர-நிக்கல் போலி என்றால் 1.31. பவுன் காசு 0.45 காட்ட வேண்டும். காசுக்குக் கீறல்கூட விழாது.

ஆனால் இந்தச் சோதனை உலோகத்தைத்தான் சொல்லும், வருஷத்தைச் சொல்லாது. இதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1939-ஆம் ஆண்டு ரூபாய் மிக அபூர்வம். மும்பையில் ஒருவர் காட்டிய 1939-ஐத் தண்ணீரில் சோதித்து, சரியாக 1.13 வந்ததும் ஆனந்தமாகப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அது 1938-ஆம் வருஷக் காசு. எட்டை ஒன்பதாகச் செதுக்கியிருந்தார்கள். விலை உயர்ந்த காசை விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது.

முதலீடு என்று கேட்பவர்களுக்கு என் அனுபவம் இது. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டவை. நூறு வருஷம் ஆனதாலேயே விலை ஏறிவிடாது. சாதாரணக் காசுக்கு அன்றைய வெள்ளி விலையை 10.69-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அபூர்வத்திற்கும் தேயாத நிலைக்கும்தான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நிறைய இடைவெளி உண்டு. லாபம் ஒன்றே நோக்கமானால் இது ஏற்ற வழி அல்ல. காசைப் புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அந்தக் கருமை போனால் சேகரிப்பவரிடம் பாதி மதிப்பும் போய்விடும்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பாட்டி ஞாபகமாயிற்றே என்று பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் சங்கடம்.

அப்பாவின் பட்டியலைத் தங்கையிடம் காட்டியபோது அவள் சொன்னாள்: "அண்ணா, இருபத்தாறு வருஷமா அந்தக் குத்துவிளக்கைத்தான் ஏத்திண்டிருக்கேன். பாட்டியோட ரூபாய் அதிலதானே இருக்கு? நீ ஏன் வருத்தப்படறே?" ஈடாக வாங்கிய விளக்கு அது, பாட்டியின் வெள்ளி அதில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் படிக்கும் அன்பர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, காசுகளை வருஷவாரியாக எழுதி, யாரிடமிருந்து வந்தது என்றும் குறித்து, பட்டியலைக் காசுகளோடு சேர்த்தே வையுங்கள். நோட்டின் அடியில் எழுதி வைத்தால் போதாது. பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லவும் வேண்டும். என் அப்பா எழுதி வைத்தார், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.